அம்மனுக்குக் காட்டிய கனெக்டர்

என் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாராவது ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டு வருவார். அவருக்கு முன்னாலேயே உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் வேறு யாரோ அதைச் செய்து முடித்துவிட்டார்கள் என்று தேடி எடுத்து அவர் முன்னால் வைப்பேன். காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால், அது கிடைக்குமா கிடைக்காதா என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். திருவனந்தபுரத்தில், பட்டம் என்னும் பகுதியில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில் அதை எழுதுகிறவள் நான். "பிறத்தியார் சந்தோஷத்தைக் கெடுக்கறதுக்கு உனக்குச் சம்பளம் வேற குடுக்கறா" என்பார் என் கணவர். அவர் வங்கியில், கடன் கிடையாது என்று சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கேலிசெய்ய அவருக்கு என்ன யோக்கியதை என்று நானும் விடமாட்டேன்.

பெயர்கள் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. தொழிலில் வந்த பழக்கம் அது. ஆனால் பொருளைப் பற்றிச் சொல்லலாம். அதில் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஏன் மிச்சமில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு கனெக்டர் என் மேஜைக்கு வந்தது. இரண்டு மின்கம்பிகளை இணைக்கிற, உள்ளங்கையில் அடங்கும் கறுப்புச் சாமான். அனுப்பியது கோயம்புத்தூரில் மின்சாரச் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. செய்தவர் எங்கள் ஊரில் சாலை என்றே பெயர் கொண்ட பழைய கடைத்தெருவில், சாலைக் கம்போளத்தில், விளக்கு அலங்காரக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. தொழிற்சாலை எங்கள் சீனியரிடம் கேட்டிருந்தது ஒரே கேள்வி: இதற்குக் காப்புரிமை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அண்ணாச்சியின் பெயரில் விண்ணப்பம் போட்டு, அவரோடு ஒப்பந்தம் எழுதி, விற்கும் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு பங்கு கொடுத்து அவர்கள் தயாரிப்பார்கள். கிடைக்காது என்றால் என்ன செய்வார்கள் என்று கடிதத்தில் இல்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. காப்புரிமை இல்லாத ஒன்றை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

கண்டுபிடித்தவரை நேரில் பார்க்காமல் நான் தேட ஆரம்பிப்பதில்லை. சாலையில் அரிசிக் கடைகளையும் பாத்திரக் கடைகளையும் தாண்டி, ஒரு குடையைக்கூட முழுதாக விரிக்க முடியாத சந்தில் இருந்தது அவர் கடை. உள்ளே சீரியல் பல்புச் சரங்கள் வைக்கோல்போர் மாதிரி குவிந்து கிடந்தன. ஐம்பது வயது இருக்கும். வள்ளியூர்ப் பக்கம். பதினாறு வயதில் இங்கே ஒரு ஹார்டுவேர் கடைக்கு வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அம்மன் கோயில் கொடை விழா, கல்யாணம், கட்சி மாநாடு என்று ஊரில் எங்கே விளக்குத் தோரணம் கட்டினாலும் அதில் பாதி இவருடையதாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

"மேடம் சாயா குடிக்கியளா?" என்று கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் வரவழைத்தும் விட்டார்.

பிறகு தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "ரோட்டுல லைன் இழுத்தா எத்தனையோ எடத்துல ஜாயிண்ட் வரும். வயர சீவி, முறுக்கி, டேப்பு சுத்தணும். மழை பெஞ்சா டேப்புக்குள்ள வெள்ளம் கேறிரும். பின்னே அத தொடுதவன் கதி என்னன்னு சொல்லணுமா? நான் பொழச்சது அம்மன் புண்ணியம். என்கிட்ட வேலைக்கு நிக்கிறவனுக்கும் அம்மனே வந்து நிப்பாளா? அதான் இத செஞ்சேன்."

செய்ததை எனக்குப் பிரித்துக் காட்டினார். இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் கம்பியைச் சீவாமல் அப்படியே நுழைக்கலாம், உள்ளே இருக்கும் பித்தளைப் பல் தானே தோலைக் கடித்துத் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பாதியையும் சேர்த்துக் கால் சுற்றுத் திருகினால் பூட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு ரப்பர் வளையம். மிக்ஸி ஜாரின் வாஷரை வெட்டிப் போட்டாராம். இதுவரைக்கும் பெரிய அதிசயம் இல்லை. அதிசயம் பூட்டில் இருந்தது. பூட்டு போகும் தடத்தை அவர் நேராக வைக்காமல் சரிவாக வைத்திருந்தார். மற்ற இணைப்புகளை இழுத்தால் நெகிழும். இதில் கம்பி தன் கனத்தால் தொங்கி இழுக்கும்போது, இரண்டு பாதியும் அந்தச் சரிவில் ஏறி ஒன்றையொன்று நெருக்கும், ரப்பர் இன்னும் இறுகும். காற்றடித்துக் கம்பி ஆடினாலும் அப்படித்தான்.

"இழுக்க இழுக்க இறுகும் மேடம். அவ்வளவுதான் சங்கதி."

சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பின் கம்பியில் அதை மாட்டி, இணைப்பைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. அடுத்து அவர் கையையும் வாளிக்குள் விட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். "பேடிக்காதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார். சாயா என் புடவையில் கொட்டியிருந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

கிளம்பும்போது அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். "முன்னே ஒரு க்ளிப்பு செஞ்சேன், ட்யூப்லைட்ட மூங்கில்ல மாட்டுததுக்கு. இப்ப இந்தச் சாலையில எல்லாக் கடையிலயும் அது தொங்குது. நான் செஞ்சதுன்னு சொன்னா சிரிக்கானுவ. இதுவும் அப்படிப் போயிரக் கூடாது மேடம். நல்லாத் தேடிப் பாருங்க. எனக்கு முன்னால யாராச்சும் செஞ்சிருந்தா நான் ஒதுங்கிக்கிடுதேன். இல்லாட்டி இது என் பேருல வரணும்."

நான் எங்கள் வழக்கமான கேள்விப் படிவத்தை அவரிடம் கொடுத்து, நிரப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேடுதல் இரண்டு வாரம் நடந்தது. மின் இணைப்பான்களைப் பற்றிய காப்புரிமைகள் கடல்போலக் கிடக்கின்றன. மனிதர்கள் இரண்டு கம்பிகளைச் சேர்ப்பதற்கு இத்தனை யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதகுலத்தின் மீதே ஒரு மரியாதை வரும், ஒரு சலிப்பும் வரும். ரப்பர் வளையம் வைத்தவை, கால் சுற்றில் பூட்டுபவை, தோலைக் கடிக்கும் பல் உடையவை என்று வகைவகையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றையும் பயந்துகொண்டே திறப்பேன். சரிவான பூட்டு இருக்கிறதா என்று படத்தில் தேடுவேன். இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விடுவேன்.

இது எனக்குப் புதிது. தேடுகிறவள் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. சொல்லப்போனால், அழிக்கிற ஆதாரம் கிடைத்தால் ஒரு வேட்டைக்காரச் சந்தோஷம்கூட எங்களுக்கு உண்டு. இந்தத் தடவை நான் தேடியது கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினேன். அதனாலேயே கூடுதலாகத் தேடினேன். சாய்ந்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்ததால், ஜப்பான்காரர்களின் மீன்பிடிப் படகு விளக்குகள் வரை போனேன். அங்கே ஒன்று மிக அருகில் வந்தது. கடல் தண்ணீர் புகாமல் படகில் விளக்குகளைத் தொங்கவிடும் இணைப்பு. இரண்டு நாள் அதோடு மல்லாடினேன். கடைசியில் அதில் ரப்பரை இறுக்குவது ஒரு தனித் திருகாணி என்றும், கம்பியை இழுத்தால் இறுக்கம் குறையும் என்றும், அதைத் தடுக்க அவர்கள் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் புரிந்தது. அண்ணாச்சி அந்த இழுப்பையே வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர்கள் எதிரியாகப் பார்த்ததை இவர் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். இதைவிடத் தெளிவான வித்தியாசத்தை நான் என் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை.

அறிக்கையின் முடிவுரையை எழுதினேன். புதுமை உண்டு. துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது அல்ல. காப்புரிமை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்த மூன்று வரிகளையும் தொடர்ச்சியாக எழுதி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். "என்னடி, யார் சந்தோஷத்தைக் கெடுத்தே இன்னிக்கு?" என்று கேட்ட கணவரிடம், இன்றைக்கு யாருடையதையும் கெடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

அண்ணாச்சியின் படிவமும் வந்திருந்தது. இதுவரை யாருக்காவது காட்டியதுண்டா, விற்றதுண்டா, எங்காவது வெளியிட்டதுண்டா என்று மூன்று கேள்விகள். மூன்றிலும் 'இல்லை' என்று மலையாளத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்புவதாக இருந்தோம்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, நெற்றியில் குங்குமம். கையில் ஒரு சீப்புப் பழம்.

"இன்னும் ஒரு ப்ரூஃப் இருக்கு மேடம். அன்னிக்கு நீங்க வந்தப்போ காட்ட விட்டுட்டேன். இது இருந்தா பின்னே ஒருத்தனும் வாய் திறக்க முடியாது."

போனை எடுத்து என் மேஜைமேல், பேனாக்கூட்டுக்குச் சாய்த்து வைத்தார். ஒரு வீடியோ. சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன அம்மன் கோயிலின் கொடை. அங்கே கடை வைத்திருக்கும் தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. கொடைக் கமிட்டியில் யாரோ படம் எடுத்து யூட்யூபில் போட்டிருந்தார்கள். போட்ட தேதி கீழே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

நான் அந்தத் தேதியைத்தான் முதலில் பார்த்தேன். என் கை தானாகப் பழச் சீப்பைத் தள்ளி வைத்தது.

அந்தக் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் எந்தத் தொழில் செய்தாலும், முதல் உருப்படியை அம்மன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். தையல்காரர் முதல் சட்டையை வைப்பார், பாத்திரக்கடைக்காரர் புது அச்சில் வந்த முதல் செம்பை வைப்பார். வீடியோவில் அண்ணாச்சி சட்டை போடாமல், சந்தனம் பூசிக்கொண்டு நின்றார். தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய், பூ. நடுவில் மூன்று கறுப்புக் கனெக்டர்கள். பூசாரி தட்டை வாங்கி அம்மன் காலடியில் வைத்து, அவற்றின் மேல் குங்குமம் தூவித் திருப்பிக் கொடுத்தார்.

அதுவரைக்கும் எனக்கு மூச்சு இருந்தது. மூடிய சாமானை வைத்து எடுப்பதால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரிந்துவிடாது. கம்பியில் மாட்டி உயரத்தில் தொங்கவிட்டாலும் பாதகமில்லை என்று வாதாடிப் பார்க்கலாம். அந்த நேரத்தில்தான் படம் எடுப்பவரின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, இது என்னதுன்னு நல்லா வெளக்கிச் சொல்லுங்க."

அண்ணாச்சி விளக்கினார். கேமராவைப் பார்த்து அல்ல. அம்மனைப் பார்த்து. நாலு மாதம் தூங்காமல் எப்படிச் செய்தேன் தெரியுமா தாயே என்று, ஒரு கனெக்டரை எடுத்துத் திருகிப் பிரித்து, இரண்டு பாதியையும் கர்ப்பக்கிருகத்தை நோக்கி நீட்டிச் சொன்னார். இது பல். இது தோலைக் கடிக்கும். இது வளையம், மிக்ஸியிலிருந்து எடுத்தது. என் பக்கத்தில் நின்றிருந்த அண்ணாச்சி, வீடியோவிலிருக்கும் தன்னோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தார்.

சரிவைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். அப்போது செண்டை மேளம் தொடங்கியது. நிஜமாகவே தொடங்கியது. அவர் குரல் முழுதாக அமுங்கிப் போயிற்று, உதடு மட்டும் அசைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஆனால் மேளச் சத்தத்தில் அம்மனுக்கும் கேட்காதே என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கையால் காட்ட ஆரம்பித்தார். ஒரு பாதியை உயர்த்தி, சரிவான தடத்தின்மேல் விரலை வைத்து மெல்ல இழுத்துக் காட்டினார். பிறகு இரண்டையும் பூட்டி, இரு பக்கமும் கம்பியைப் பிடித்து இழுத்து, ரப்பர் பிதுங்கி இறுகுவதைக் காட்டினார். அது போதாதென்று இன்னொரு தடவையும் காட்டினார். நல்ல வெயில். படம் எடுத்தவரும் கெட்டிக்காரர், கிட்டே போய் எடுத்திருந்தார்.

வீடியோ முடிந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தேதி இருக்கு. என் மூஞ்சி இருக்கு. அம்மன் சாட்சி இருக்கு. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

எனக்கு அழுகை வரும்போலிருந்தது. கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "யாருக்கும் காட்டலைன்னு எழுதியிருக்கீங்களே அண்ணாச்சி?"

"ஆமா. காட்டலியே."

"இது என்ன?"

"இது அம்மனுக்குல்லா காட்டினது."

"சுத்தி அவ்வளவு பேர் நின்னாங்களே?"

"நின்னாங்க. நான் அவங்களுக்கா காட்டினேன்?" அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "சாமிக்குக் காட்டினது எப்படி மேடம் ஊருக்குக் காட்டினதாகும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை நிரப்பும்போது அவருக்கு அந்தக் கொடை ஞாபகம் வந்திருக்கவும் வந்திருக்கும். அதை அந்தக் கேள்விக்குள் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. காட்டுவது என்றால் கடைக்காரனுக்குக் காட்டுவது, போட்டிக்காரனுக்குக் காட்டுவது. பெற்றவளிடம் பிள்ளை தன் மார்க் ஷீட்டைக் காட்டுவதற்கு யாராவது வெளியீடு என்று பெயர் வைப்பார்களா?

மெல்ல விளக்கினேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு பொருளின் உள்விவரம் பொதுவில் வந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது புதிது இல்லை, வெளியிட்டது கண்டுபிடித்தவரே ஆனாலும் சரி. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் கூசும். அன்றைக்கு மிகவும் கூசியது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப, நான் செஞ்சேங்கறதுக்கு சாட்சி இருக்கிறதால எனக்குக் கிடைக்காது?"

"அப்படித்தான் அண்ணாச்சி."

"சாட்சி இல்லாட்டி கிடைச்சிருக்கும்?"

பதில் ஆமாம் என்பதுதான்.

பிறகு வழி தேடினேன். அவரை உட்கார வைத்துவிட்டுச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், மனப்பாடமாகத் தெரிந்த பக்கத்தைத்தான். அரசாங்கம் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தால் ஒரு வருஷ அவகாசம் உண்டு. அம்மன் கொடையை எந்த அரசாங்கமும் கண்காட்சி என்று அறிவிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பொது இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தாலும் ஒரு வருஷம் உண்டு. அவருடையது இரண்டு வருஷம். புத்தகத்தை மூடினேன்.

"அந்த வீடியோவுக்கு அப்புறம் இதுல ஏதாவது மாத்தினீங்களா? சின்ன மாத்தம்னாலும் சொல்லுங்க. தடம், வளையம், பல், எதுன்னாலும்." புதிதாகச் சேர்த்தது ஒன்று இருந்தால் அதை மட்டுமாவது பிடித்துக்கொண்டு ஒரு விண்ணப்பம் போடலாம்.

அவர் நன்றாக யோசித்தார். எனக்காகக் கஷ்டப்பட்டு யோசித்தார். "மாத்துததுக்கு என்ன மேடம் இருக்கு? அதுதான் சரியா இருக்கே."

இருந்தது. அதுதான் கொடுமை. ஏதாவது ஓர் இடத்தில் தப்புச் செய்திருந்தால் அதைத் திருத்திய கதையைச் சொல்லி அவரைக் கரையேற்றியிருக்கலாம். முதல் தடவையே முழுதாகச் செய்துவிட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!

"கமிட்டிக்காரன் நமக்கு வேண்டியவன்தான். ஒரு போன் போட்டா அழிச்சிருவான்" என்றார் தாழ்ந்த குரலில்.

வேண்டாம் என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பாதிப் பேர் அவருடைய சொந்தக்காரர்களாக இருப்பார்கள். எந்த அதிகாரி சாலையில் நடந்த கொடையின் வீடியோவைத் தேடிப் பார்க்கப் போகிறார்? பிறகுதான் சொன்னேன், அழித்தாலும் வெளிவந்தது வெளிவந்ததுதான், நானும் பார்த்துவிட்டேன், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று.

"அதுவும் சரிதான்" என்றார். "அழிச்சாலும் கோயம்புத்தூர்க்காரங்க பாத்தாச்சே. இதப் பாத்துட்டுத்தானே என்னத் தேடி வந்தாங்க."

அவர் அதைச் சும்மா சொன்னார். தொழிற்சாலை அனுப்பிய கடிதத்தை மனதுக்குள் மறுபடியும் படித்தேன். சாமானை அனுப்பியிருந்தார்கள், வரைபடம் அனுப்பியிருந்தார்கள், அண்ணாச்சியின் விலாசம் அனுப்பியிருந்தார்கள். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்று விட்டார்களா, இது ஒரு விஷயமே இல்லை என்று விட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கிடைக்காது என்று நான் எழுதிக் கொடுத்த நிமிஷத்திலிருந்து அவர்களுக்கு அண்ணாச்சி தேவையில்லை.

இதை அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்களுக்கு வேலை கொடுத்தது அவர்கள். அவர்களுடைய அறிக்கையில் என்ன வரப்போகிறது, அதை வைத்து அவர்கள் என்ன செய்யலாம் என்பதை வெளியாளிடம் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மேஜையில் அண்ணாச்சிதான் வெளியாள். இருந்தும் மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, அவங்களோட ஏதாவது ஒப்பந்தம் எழுதிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"இப்பவே எழுதிக்கலாமே. நாளைக்குள்ள."

"கேட்டேனே. ரிப்போர்ட்டு வந்த பொறவுதான்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க." என்னைத் தேற்றுவதுபோலச் சிரித்தார். "பேட்டன்ட் கிடைக்காட்டிப் போட்டும். நான்தான் செஞ்சேன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன? நல்ல மனுஷங்க மேடம். கடைக்கு வந்து தரையில உக்காந்து சாப்பிட்டாங்க."

வரம்பை மீறியும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மேல் என்ன சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார். பழத்தைச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

சீனியரின் அறைக்குப் போய் வீடியோவைக் காட்டினேன். அவர் கொட்டாரக்கரைக்காரர், இளகிய மனசு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தார். "இது இடாதிரிக்கான் பற்றில்லல்லோ" என்றார். இதைச் சேர்க்காமல் இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அவரிடமிருந்து கேட்டால் கொஞ்சம் பாரம் குறையுமோ என்று போனேன். குறையவில்லை.

அன்று மாலை முழுக்க உட்கார்ந்து வீடியோவில் ஓட்டை தேடினேன். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அசைவாகப் பார்த்தேன். எங்காவது விரல் தடத்தை மறைக்கிறதா, எங்காவது வெளிச்சம் போதவில்லையா, இதைப் பார்த்து ஒருவன் அதே சாமானைச் செய்ய முடியாது என்று ஒரு வரி எழுத இடம் இருக்கிறதா. ஜப்பான்காரரின் படகு விளக்கை உடைக்க எனக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. அண்ணாச்சியை உடைக்க முடியவில்லை. கண்டுபிடித்தவர்கள் எழுதும் விவரணைகளை வருஷக்கணக்காகப் படிக்கிறேன், இத்தனை தெளிவாக யாரும் விளக்கி நான் பார்த்ததில்லை.

அறிக்கையைத் திருத்தினேன். எங்கள் அறிக்கைகளில், தனியாகவே ஒரு கண்டுபிடிப்பின் புதுமையைக் கொன்றுவிடும் ஆதாரத்தை முதலில் வைப்போம். அந்த இடத்தில் வீடியோவின் இணைப்பை ஒட்டினேன். அதில் பேசுகிறவர் என்ற இடத்தில் அண்ணாச்சியின் பெயரை எழுதினேன். பல் எத்தனையாவது நிமிஷத்தில், வளையம் எத்தனையாவது நிமிஷத்தில், சரிவு எத்தனையாவது நிமிஷத்தில் என்று அட்டவணை போட்டேன். முடிவுரையில் இருந்த என் மூன்று வரிகளையும் அழித்தேன். வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி போன் செய்தார். பின்னால் சாலையின் இரைச்சல் கேட்டது.

"ரிப்போர்ட்டு கிடைச்சிட்டுன்னு சொன்னாங்க மேடம். பேட்டன்டுக்கு வழியில்லைன்னு வந்திருக்காம். ஒப்பந்தம் பத்திப் பொறவு கூப்பிடுதோம்னாங்க."

"சரி அண்ணாச்சி."

"ஒரு காரியம் கேக்கட்டா? அதுல என் பேரு வந்திருக்கா?"

வந்திருக்கிறது என்றேன்.

"எந்த எடத்துல?"

"முதல் இடத்துல."

"என்னன்னு எழுதிருக்கீங்க?"

சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாக்கியம் என் கண்முன்னால் திரையில் இருந்தது. இந்தச் சாதனத்தின் எல்லா அம்சங்களையும் இவர், இந்தத் தேதியில், முழுமையாகச் செய்து காட்டியிருக்கிறார் என்பதை நான் அவருக்குப் புரிகிற தமிழில் சொன்னேன்.

அவர் குரல் உயர்ந்துவிட்டது. "அப்ப நான்தான் செஞ்சேன்னு ஆபீஸ் பேப்பர்லயே இருக்கு! அதுல ஒரு காப்பி தாங்க மேடம். சாலையில ஒருத்தனும் இனி சிரிக்க முடியாது. ஒப்பந்தம் எழுதும்போதும் அதக் காட்டலாம்லா?"

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். "தர முடியாது அண்ணாச்சி. எங்ககிட்ட கேட்டவங்களுக்கு மட்டும்தான் அதக் கொடுக்கலாம்."

"நான் செஞ்சேன்னு எழுதின பேப்பர எனக்குத் தரக் கூடாதா?"

"கூடாது."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சாரமில்ல மேடம், போட்டும், நீங்க விசனப்படாதீங்க" என்றார். "அவங்ககிட்டயே இருக்கும்லா. நான் கோயம்புத்தூருக்கு ஒரு எட்டுப் போயி, கேட்டு வாங்கிக்கிடுதேன். நல்ல மனுஷங்க, இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்த்துப் போய்வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.